இரண்டு கடலுக்கு நடுவே: ஆகஸ்ட் விடுமுறைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 8, வெள்ளி

தங்கச்சி குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. ஹற்றனிலிருந்து இருட்டோடு புறப்பட்டு, கண்டியில் யாழ்ப்பாண பஸ் பிடித்து, மாங்குளம் சந்தியில் இறங்கும்போது பின்னேரமாகிவிட்டது. பையைக் கீழே வைப்பதற்குள் அவளுடைய சின்னவன், "பெரியம்மா, கடல் எங்க?" என்று தொடங்கிவிட்டான். தேயிலைக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. கடலைப் போனில்தான் பார்த்திருக்கிறான்.

மாங்குளத்தில் ஏது கடல்? ஆனால் ஊர் வன்னிக்கு நடுவில் இருப்பதால் எந்தப் பக்கம் போனாலும் கடலில்தான் முடியும். கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, 50 கிலோமீட்டருக்குள். மேற்கே மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம் தாண்டினால் மன்னார்ப் பக்கம்.

இரவு சாப்பிட்டு முடிய முற்றத்தில் திட்டம் போட்டோம். தங்கச்சியின் கணவர் போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தார். அதில் முதல் நாள் மன்னாரில் கடல் குளிப்பு. அப்பா சிரித்தார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, பாதி வயது வரை வலை இழுத்தவர் அவர்.

"தம்பி, இப்ப சோளகம் அடிக்குது. சோளகத்துக்கு மேற்குக் கடல் சன்னதம் ஆடும், கிழக்குக் கடல் பேசாமல் கிடக்கும். வாடை தொடங்கினால் அப்படியே மாறும். பிள்ளையளைக் கடலுக்குக் கொண்டு போறதெண்டால் முதல் காத்தைக் கேக்க வேணும்."

சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று, வாடை என்றால் வடகிழக்குக் காற்று. மே முதல் செப்டம்பர் வரை முல்லைத்தீவு, மழைக்காலம் கழிந்து மன்னாரின் தெற்குக் கரை. இதுதான் அவருடைய கணக்கு. இணையத்தில் 'இலங்கையின் சிறந்த கடற்கரைகள்' என்று எழுதுகிறவர்கள் மாதத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கும் எரிச்சல்தான். சரி, நாளைக்கு முல்லைத்தீவு.

ஆகஸ்ட் 9, சனி

விடிய நாலரைக்கு வான் வந்தது. கரைவலை இழுப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் வெயிலுக்கு முன்னமே கரையில் நிற்க வேண்டும். முல்லைத்தீவில் இறங்கும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. வானிலிருந்து குதித்த சின்னவன் நாலு அடி ஓடிவிட்டு நின்றான். பிறகு திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா நேராகக் கரைவலைப்பாட்டுக்குக் கூட்டிப் போனார். முன்பெல்லாம் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று அம்பா பாடி இழுப்பார்கள். இப்போது பல இடத்தில் உழவு இயந்திரம்தான் கயிற்றைச் சுற்றி இழுக்கிறது. அதில் அப்பாவுக்கு உடன்பாடில்லை. ஆனால் தனக்கு அந்த வயதில் இயந்திரம் கிடைத்திருந்தால் நாரி இப்படி வலிக்காது என்றும் அவரே சொல்லிக்கொண்டார்.

கயிறு வர வர, வளையம் குறுகி, கடைசியில் வலையின் மடி கரைக்கு வந்தது. பிள்ளைகள் நால்வரும் அதைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். சூடையும் நெத்தலியும் துள்ளுகிற சத்தம் பெருமழை தகரத்தில் விழுவது போலக் கேட்டது. நடுவில் ஒரு பேத்தை மீன். சின்னவன் குச்சியால் தொட்டதும் அது காற்றை விழுங்கி விழுங்கி ஊதத் தொடங்கியது. வயிற்றில் இருந்த சின்ன முள்ளெல்லாம் நட்டுக்கொண்டு நின்றன, முன்பல் மட்டும் வெளியே தெரிந்தது. "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டான். "சாப்பிட்டால் ஹற்றனுக்குப் போக மாட்டாய், நஞ்சு" என்றபடி அப்பா அதைக் காலால் தள்ளிக் கடலுக்குள் விட்டார். ஊதின பேத்தை கொஞ்ச நேரம் வயிறு மேலே தெரிய மிதந்துவிட்டு, காற்றை விட்டு உள்ளே போனது. அன்றைய நாள் முழுக்க அந்தப் பேத்தைக் கதைதான். சூரியன் வந்ததை யாருமே கவனிக்கவில்லை.

குளிப்பு ஏழு மணி தொடங்கி ஒன்பதரை வரை. அலை இல்லையென்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் முல்லைத்தீவுக் கரை சட்டென்று பள்ளம் இறங்குகிற கரை. முழங்காலளவு தண்ணீரில் நிற்கிற பிள்ளை இரண்டு அடி வைத்தால் நெஞ்சளவுக்குப் போய்விடும். அப்பா இரண்டு பூவரசந்தடியை மணலில் ஊன்றி, "இதுக்கும் இதுக்கும் இடையிலைதான்" என்று சொல்லிவிட்டு, தானே தண்ணீருக்குள் கடல் பக்கம் போய் நின்றுகொண்டார். பெரியவர்கள் பிள்ளைக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும், கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நாங்கள் நின்ற இடத்தில் உயிர்காப்பாளர் யாரும் இல்லை.

போகிறவர்களுக்கு: நிழல் குறைவு, குடிதண்ணீர் கொண்டு போங்கள், உடுப்பு மாற்ற ஒரு சேலை எடுத்துப் போங்கள். நான்கு முனையையும் பெரியவர்கள் பிடித்தால் அறை தயார். கழிப்பறைக்கு டவுனுக்குள்தான் வர வேண்டும். ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டோம், பூட்டிய கதவைக் காட்டி "வாடிக்கையாளருக்கு மட்டும்" என்றார்கள். ஒன்பது பேர் இடியப்பம் சாப்பிட்ட பிறகுதான் சாவி வந்தது.

அப்பா ஒரு பை நிறைய மீன் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். நல்லூர்க் கொடியேறினால் தேர் தீர்த்தம் முடியும் வரை எங்கள் குசினிக்குள் மச்சம் வராது. அப்பா கிணற்றடிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, தானே சூடை பொரித்தார். ருசி என்றால் ருசி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எல்லோருக்கும் முதுகு எரிகிறது. எங்கும் போகவில்லை. பின்னேரம் சந்தியில் பாலைப்பழம் வந்திருந்தது, சீசன் முடிகிற நேரத்துப் பழம். ஹற்றன் பிள்ளைகள் வாயெல்லாம் பால் ஒட்டி, உதட்டைத் திறக்க முடியாமல் முழித்தார்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போகும் என்று யாரும் அவர்களுக்கு உடனே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

திங்கட்கிழமை என்பதால் அம்மாவும் வந்தார். முதலில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசி விசாகப் பொங்கலுக்கு வந்தால் கோயிலை அல்ல, தலைகளைத்தான் பார்க்கலாம். இன்றைக்கு ஆறுதலாகக் கும்பிட்டோம். கடல் தண்ணீரில் விளக்கெரியும் கதையை அம்மா சொன்னார். பொங்கலுக்கு முன் கடலில் போய்த் தீர்த்தம் எடுத்து வருவார்கள், எண்ணெய்க்குப் பதில் அந்தத் தண்ணீரில்தான் விளக்கு. தங்கச்சியின் மூத்தவள் பத்தாம் வகுப்பு, விஞ்ஞானம் நன்றாகப் படிப்பவள். "எப்படிப் பெரியம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அம்மம்மாவையே கேள் என்று விட்டேன்.

கோயிலடி நந்திக்கடல் களப்பின் ஓரம். மணலும் மர நிழலும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இது கடற்கரையைவிட வசதி. வட்டுவாகல் பாலத்தில் வான் ஏறியதும் பெரியவர்கள் கதைப்பது நின்றுவிட்டது. இந்தப் பாலத்தில் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். "ஏன் எல்லாரும் பேசாம இருக்கீங்க?" என்று சின்னவன் கேட்டான். மூத்தவள் அவனுடைய தொடையில் தட்டினாள். இங்கே போர் முடிந்த 2009 அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இந்த வருடமே சொல்ல வேண்டுமா என்று நானும் தங்கச்சியும் இரவு நெடுநேரம் கதைத்தோம். அவள் சொல்லலாம் என்கிறாள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து அளம்பில், செம்மலை வழியாக நாயாறு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான், ஒரு நிபந்தனையோடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். வெயில் காலத்தில் களப்பின் ஓரம் கணுக்காலளவு தண்ணீர், அதுவும் இளஞ்சூடு. எங்கள் வீட்டுச் சின்னவள் அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நண்டு துரத்தினாள். கரையில் மீன்பிடி வாடிகள், காயும் கருவாடு, நாலைந்து கொக்கு. முகத்துவாரத்துக்குக் கிட்ட மட்டும் எந்தக் காலத்திலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். மேலே ஒன்றும் தெரியாது, அடியில் இழுவை இருக்கும். மழைக்காலத்தில் முகத்துவாரம் வெட்டிக்கொண்டால் சொல்லவே வேண்டாம்.

இன்னும் தெற்கே போனால் கொக்கிளாய். 1951 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கும் களப்பு. ஆனால் வலசைப் பறவைகள் வருவது மாரியில். இப்போது போவது பெற்றோல் செலவு.

வருகிற வழியில் கற்சிலைமடுவில் பண்டார வன்னியன் நினைவிடம். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் வெள்ளைக்காரக் கப்டன் ட்ரிபேர்க்கிடம் தோற்ற வன்னி அரசன். தோற்கடித்தவர்களே நட்ட கல்தான் அவனுக்கு முதல் நினைவுச்சின்னம். எழுப்பிப் பார்த்தேன், நால்வரும் நல்ல நித்திரை.

ஆகஸ்ட் 13, புதன்

மன்னார். தங்கச்சியின் கணவர் தன்னுடைய பட்டியலை விடவில்லை. மடுத் திருவிழா 15ஆம் தேதி என்பதால் மடு வீதியெல்லாம் சனம். நாங்கள் வெள்ளாங்குளம் போய் ஏ32 வீதியைப் பிடித்தோம். இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. வலது பக்கம் கண்டல் காட்டுக்கு இடையே அவ்வப்போது கடல் எட்டிப் பார்த்தது.

திருக்கேதீச்சரம் முதலில், நடை சாத்துவதற்கு முன். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், போர்த்துக்கேயர் இடித்து, பின்னர் திரும்ப எழும்பியது. பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்ததுதான் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் வங்காலைப் பறவைகள் சரணாலயம், இப்போது வெடித்த உப்புத்தரை. நவம்பர் முதல் மார்ச் வரை வந்தால் வாத்துக் கூட்டமும் பூநாரையும் நிற்கும் இடம். மூத்தவள் ஏமாந்துபோனாள்.

டவுனுக்குள் கழுதைகள்தான் வரவேற்பு. வீதி நடுவில் நிற்கின்றன, ஹோர்ன் அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. பிள்ளைகளுக்குக் கோட்டையைவிடக் கழுதை பெரிய விஷயம். கோட்டை 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. கேதீச்சரக் கல்லும் அதில் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். பிறகு பள்ளிமுனைப் பெருக்கமரம். சுற்றளவு 20 மீட்டரை நெருங்குகிறது, உயரம் 8 மீட்டர்கூட இல்லை. ஒட்டகத்துக்குத் தீனியாக அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டு வந்ததாகக் கதை. "இது மரமா, யானையா?" என்று எங்கள் சின்னவள் கேட்டாள்.

அப்பாவின் காற்றுப் பாடம் நேரில் விளங்கியது இங்கேதான். முதலில் தாழ்வுபாட்டுக்குப் போனோம், தீவின் தெற்குக் கரை. வான் கதவைத் திறக்கவே முடியவில்லை. மணல் பறந்து முகத்தில் குத்தியது, அலை சுருண்டு சுருண்டு அடித்தது. கரையோரம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தம்பபவனி என்று 2020இல் திறந்த 30 காற்றாலைகள் அவை. சோளகத்தை நம்பித்தான் அந்த இடத்தில் நட்டிருக்கிறார்கள். இன்னும் புதிதாக வேண்டாம் என்று தீவுச் சனம் எதிர்ப்பது வேறு கதை.

அங்கிருந்து தீவைக் குறுக்கறுத்துப் பேசாலைக்கு வந்தோம், வடக்குக் கரை. அதே நேரம், அதே காற்று. ஆனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் தண்ணீரில் அசைவே இல்லை. வள்ளங்கள் எல்லாம் இந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தன. ஆழமும் குறைவு, பிள்ளைகள் நெடுந்தூரம் நடந்தும் இடுப்புக்கு மேல் வரவில்லை. தங்கச்சியின் கணவர் அப்பாவைப் பார்த்து, "மாமா, உங்ககிட்டக் கேட்டுட்டே வந்திருக்கணும்" என்றார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு சந்தோசம். ஒரு எச்சரிக்கை: காற்று கடல் பக்கம் தள்ளுவதால், காற்றடைத்த மிதவை எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். எங்களுடைய பந்து ஒன்று இந்தியாவுக்குப் போய்விட்டது.

தலைமன்னாரில் தண்டவாளம் கடலோரம் வந்து நிற்பதைப் பார்த்தோம். ஒருகாலத்தில் ரயிலில் வந்து, கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறலாம். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. ஹற்றன் சம்பந்தியின் பாட்டன்மார் இந்தப் பக்கத்தால் வந்து இறங்கி, காட்டு வழியாக மலைக்கு நடந்தவர்கள். தங்கச்சியின் கணவர் பழைய இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பட்டியலில் மன்னார் முதலாவதாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று பிறகுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரணைமடு. பின்னேரம் குளக்கட்டில் காற்று வாங்கினோம், கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டோம், கச்சான் வாங்கினோம். சிறுபோகத்துக்குத் திறந்துவிட்டதால் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. முதலை இருக்கும், குளிக்கக் கூடாது. "இதுவும் கடலா?" என்ற சின்னவனுக்கு மறுகரையைக் காட்டினோம்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று போகிறார்கள். அடுத்த வருகை எப்போது என்று காலையிலிருந்து வாக்குவாதம். மூத்தவளுக்குப் பூநாரை பார்க்க வேண்டும், அதற்கு மாசிக்குள் வர வேண்டும், அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம். டிசம்பர் விடுமுறையில் வாடையும் வெள்ளமும். முல்லைத்தீவுக் கடலுக்குக் கிட்டவும் போக முடியாது. ஏப்ரலில் இரண்டு கடலும் அடங்கிக் கிடக்கும், ஆனால் பறவை பெரும்பாலும் போய்விடும், வெயிலும் கொல்லும். தை கடைசியில் ஒரு நீண்ட வார இறுதி கிடைத்தால் வங்காலையும், அப்படியே அரிப்பு என்ற ஊரில் பிரித்தானிய ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகையும் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். 1804இல் முடித்த கட்டடத்தின் கீழிருந்து கடல் மண்ணை அரித்துக்கொண்டே வருகிறது, பிந்தாமல் பார்ப்பது நல்லது.

சின்னவனுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. பேத்தை எந்த மாதத்தில் வரும் என்று அம்மப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.