ஜன்னலோரத் தட்டுகள்

ஆந்திர எல்லை ஊரான தடாவில் கடைப் பலகைகள் தெலுங்கில் இருக்கும், டீக்கடைப் பேச்சு பாதிக்குமேல் தமிழில் நடக்கும். ஒரு புராஜெக்டில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கத்தில் தண்ணீர் மாதிரி எடுப்பதுதான் என் வேலை. கோடையில் வடபகுதி வற்றும்; மிஞ்சிய நீர் கடலைவிடக் கரிக்கும்.

"மீனே இல்லாத தண்ணில என்னத்தப்பா தேடுற?" என்றார் படகுக்கார அண்ணன்.

"வெயிலைப் பிடிக்கிற பாக்டீரியாண்ணே."

"செடி மாதிரியா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

செடி தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை விடும். இவை விடாது, ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் வளரவும் செய்யாது. கார்பன் டை ஆக்சைடை வைத்து உடம்பை வளர்க்கவும் தெரியாது. நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்தான் சோறு, வெளிச்சம் வெறும் தொட்டுக்கொள்ள. ஜப்பானியக் கடலோரத்தில் 1970-களின் இறுதியில் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். 1982-இல் எரித்ரோபாக்டர் லாங்கஸ் என்று ஒன்றுக்குப் பெயரும் வைத்தார்கள். கனடாவின் மஹோனி என்ற உப்பு ஏரியிலும் இந்த வகை உண்டு.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் பாக்டீரியா வளர்க்கும் அகர் கூழ்த் தட்டுகளை ஜன்னலோரம் அடுக்கி, இரவில் டியூப் லைட்டையும் அணைக்காமல் வளர்த்தேன். காலனிகள் பூநாரை இறகு நிறத்தில் வந்ததும் ஒரே சந்தோஷம். அசிட்டோன்–மெத்தனால் கலவையில் நிறமியைப் பிரித்து, எந்த அலைநீள ஒளியை அது உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால், வெளிச்சம் பிடிக்கும் நிறமியான பாக்டீரியோகுளோரோஃபில் காட்டவேண்டிய 770 நானோமீட்டரில் ஒரு மேடுகூட இல்லை. மறுபடி செய்தேன். மறுபடியும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த நிறம் கரோட்டினாய்டு என்ற வேறு நிறமி. பூநாரைக்கும் அதுதான் நிறம் தருகிறது. அதை நம்பி ஒரு மாதம் போனது. மேலதிகாரி என் கைச்சுத்தத்தைச் சந்தேகித்தார், நானும் கூடவே சந்தேகித்தேன்.

அப்புறம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, அலுமினியத் தாளில் சுற்றி மறந்துபோன தட்டுகள் கிடைத்தன. அதே நீர், அதே காலனி. தூக்கிப் போடுமுன் ஒன்றைச் சோதித்தேன். 770-இல் மேடு எழுந்து நின்றது.

இந்த வகையில் பெரும்பாலானவை வெளிச்சம் பிடிக்கும் நிறமியை இருட்டில்தான் தயாரிக்கும். வெளிச்சம் பட்டால் தயாரிப்பு நின்றுவிடும். ஏரியில் இரவு வருவதால் அவற்றுக்குக் கவலையில்லை. என் ஜன்னலோரத்தில் இரவே வரவில்லை.

அடுத்த முறை படகில் என் பையிலிருந்த அலுமினியத் தாள் சுருளைப் பார்த்த அண்ணன், "சாப்பாடு கட்டிக்கினு வந்தியா தம்பி?" என்றார்.