காலே அரைக்கால்: வால்ட்ஸ் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஆடிப் பழகுவதில் குறை வைப்பதில்லை. வாய்மொழிக் கேள்வியில்தான் சறுக்குகிறார்கள். முதல் முறை நானும் அங்கேதான் தோற்றேன். ஆணின் அடிகள், பெண்ணின் அடிகள் இரண்டையும் ஆடிக் காட்ட வேண்டும். ஆடி முடித்ததும் தேர்வாளர் ஏதாவது ஓர் அடியைப் பிடித்துக்கொள்வார். அங்கே பாதம் எந்தத் திசை, எவ்வளவு திருப்பம், முதலில் ஊன்றுவது குதிகாலா முன்பாதமா, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பார். என்னிடம் கேட்டது வால்ட்ஸ் என்ற நடனத்தின் நேச்சுரல் டர்ன், அதாவது ஆறு அடிகளில் ஆடும் வலப்பக்கத் திருப்பம். பெண்ணின் இரண்டாவது அடிக்குள் எவ்வளவு திருப்பம்? ‘கால் சுற்று’ என்றேன். ஆணின் கணக்கை ஒப்பித்திருக்கிறேன். ‘உடம்பு எவ்வளவு?’ என்று அடுத்த கேள்வி. பாதம் திரும்பினால் உடம்பும் அவ்வளவுதானே என்று நினைத்தபடி பேசாமல் நின்றேன்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து, வீட்டுப் பட்டாசாலையில் என் மனைவியோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அப்போது புரிந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் திசை. நடனக் கூடத்தில் எல்லாரும் கூடத்தைச் சுற்றி இடஞ்சுழியாகப் போவார்கள். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் வலம் வரும்போது சுவாமி நம் வலப்பக்கம் இருப்பார். இங்கே அதற்கு நேர்மாறு: வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் கூடத்தின் நடு. இதை மனசில் பதித்துக்கொண்டால் ‘சுவருக்குச் சாய்வாக’, ‘நடுவுக்குச் சாய்வாக’ (போகிற திசையிலிருந்து சுவர்ப் பக்கமோ நடுப் பக்கமோ பாதி திரும்பி) என்ற குறிப்புகள் ஒருநாளும் குழம்பாது. நேச்சுரல் டர்னில் ஆண் சுவருக்குச் சாய்வாகத் தொடங்குவான். மூன்றாவது அடி முடியும்போது போகிற திசைக்கு முதுகு காட்டி நிற்பான். ஆறாவது அடியில் நடுவுக்குச் சாய்வாக வந்து சேர்வான்.

அடுத்து அளவு. பாடக்குறிப்பில் முழுச் சுற்றில் 3/8, 1/4, 1/8 என்று பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. எங்கள் ஆச்சி ‘காலே அரைக்கால் கோட்டை விதைப்பாடு’ என்று வயல் கணக்குச் சொல்வாள். 3/8 என்றால் அதுதான், காலே அரைக்கால். அந்தச் சொல்லே விடையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. முன்னால் போகிற ஆண் 1-ஆம் அடிக்கும் 2-ஆம் அடிக்கும் இடையில் கால், 2-க்கும் 3-க்கும் இடையில் அரைக்கால் என்று இரண்டு தவணையாகத் திரும்புகிறான். அதே நேரத்தில் பின்னால் போகிற பெண் 1-க்கும் 2-க்கும் இடையிலேயே காலே அரைக்காலை ஒரே தடவையில் முடிக்கிறாள். ஆனால் முடிப்பது பாதம் மட்டும்தான். உடம்பு அதைவிடக் குறைவாகத் திரும்பி, மூன்றாவது அடியில்தான் பாதத்தோடு வந்து சேரும். அடுத்த மூன்று அடிகளில் இருவரும் இடம் மாறுகிறார்கள்: ஆண் பின்னால், பெண் முன்னால். ஆகவே பெண்ணின் அட்டவணையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆணின் பின்பாதிதான் பெண்ணின் முன்பாதி.

ஏன் அப்படி என்பதை என் மனைவி ஒரு வரியில் சொன்னாள். நான் நாலாவது அடியைப் பின்னால் நீட்டி வைத்திருந்தேன். “நீங்க இவ்வளவு தூரம் எட்டி வச்சா நான் எப்படிங்க சுத்தி வர?” என்றாள். நெல்லையப்பரின் ஆனித் தேர் கீழ ரத வீதியிலிருந்து தெற்கு ரத வீதிக்குத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உள்பக்கச் சக்கரம் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும், வெளிச்சக்கரம்தான் ஊர்ந்து சுற்றும். உள்சக்கரமும் சேர்ந்து ஓடினால் தேர் திரும்பாது, நேரே வீட்டுத் திண்ணையைப் பார்த்துப் போகும். திருப்பத்தில் பின்னால் போகிறவர் உள்சக்கரம். அடியைச் சிறிதாக வைத்து, பாதத்தைப் புதுத் திசைக்குக் காட்டிவிட்டு, எதிராளி சுற்றி வரும்வரை உடம்பைக் காத்திருக்க விட வேண்டும்.

நிற்கும் நிலை சரியில்லாமல் இதில் எதுவும் நடக்காது. பெண் ஆணுக்கு நேர் எதிரே நிற்பதில்லை, சற்று அவன் வலப்பக்கம் தள்ளி நிற்பாள். அவன் வலது கால் அவள் இரு பாதங்களுக்கும் நடுவே போகும். எடை முன்பாதத்தின் மேல், முழங்கால் இளக்கமாக, இருவர் தலையும் அவரவர் இடப்பக்கம். திருப்பத்தைத் தோளால் இழுக்கவே கூடாது, நான் மாசக்கணக்கில் செய்த தவறு அது. வலது கால் முன்னே போகும்போது உடம்பின் இடப்பக்கம் கூடவே முன்னே வர வேண்டும். இதைத்தான் கான்ட்ரா பாடி மூவ்மென்ட் என்கிறார்கள். சாதாரணமாக நடக்கும்போது வலது காலோடு இடது கை வீசுகிறோமே, அதே இயல்புதான். இது 1-லும் 4-லும் வரும். ஆறு அடிகளில் ஆணின் உடம்புச் சாய்வு: நேர், வலம், வலம், நேர், இடம், இடம். இதைப் பாட்டாகவே சொல்லிப் பழகலாம்.

வேகத்தைக் கடைசியில் கூட்டுங்கள். வால்ட்ஸ் இசையில் நிமிடத்துக்கு 28 முதல் 30 முறை ‘ஒன்று-இரண்டு-மூன்று’ வரும். ஆறு அடிக்கும் சேர்த்துச் சுமார் நாலு நொடிதான். முதல் மாதம் இசையே வேண்டாம். மொட்டை மாடித் தட்டோட்டில் மட்டும் ஆடாதீர்கள். சொரசொரப்பில் பாதம் பிடித்துக்கொள்ள, உடம்பு திரும்ப, என் வலது முழங்கால் முறுக்கிக்கொண்டு மூன்று வாரம் படியேற முடியவில்லை. வழவழப்பான மொசைக் தரையில், எடை முன்பாதத்துக்கு வந்தபின் திரும்புங்கள்.

இரண்டாம் முறை தேர்வாளர் ரிவர்ஸ் டர்னைக் கேட்டார், இடப்பக்கத் திருப்பம். பெண்ணின் நாலாவது அடிக்கும் ஐந்தாவது அடிக்கும் இடையில் எவ்வளவு? அந்தப் பாதியில் பெண் முன்னால் வருகிறாள், வெளிச்சக்கரம். “கால். மீதி அரைக்கால் அடுத்த அடிக்கு” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த நடனமான டாங்கோவுக்குப் போய்விட்டார்.