இழுத்துப் பாத்தனியா?

நம் பள்ளிக்கூடச் சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்து வட்சப்பில் வந்த கிழமை, ரொறொன்ரோவில் மகளின் பள்ளி அணியோடு ரோபோப் போட்டியில் நின்றேன். இரண்டரை நிமிட ஆட்டம். பாதியில் இடப்பக்க மோட்டர் ஒன்று விட்டு விட்டு இயங்க, ரோபோ ஒரு பக்கமாக இழுபட்டது.

மூடியைத் திறந்தோம். 12 வோல்ற் பற்றரியில் குறையில்லை. மின்னோட்டம் அளவு மீறினால் வெட்டிவிடும் 120 அம்பியர் பிரதான பிறேக்கரும் சரி. மின்னைப் பிரித்துக் கொடுக்கும் பலகையில் சின்னப் பிறேக்கர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன். ஒரு 40 அம்பியர் பிறேக்கர் கையோடு வந்துவிட்டது.

அதன் தகடுகள் அடிவரை இறங்கவில்லை. பெருவிரலால் நேராக, நல்ல பலத்தோடு அழுத்த வேண்டும். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். வெறும் 0.01 ஓம் என்றாலும் 40 அம்பியர் ஓடும்போது 16 வாட் வெப்பம். பிறேக்கரே சூடாகி மின்னை வெட்டிவிடும். பியூசுகளும் அப்படித்தான், வெறுங்கையால் கழற்ற முடியாத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும்.

இதை நான் படித்தது கனடாவில் இல்லை.

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, மல்லாவியில் ஓலைக் கொட்டிலுக்குள் நடந்த நம் பின்னேரப் பள்ளிக்கூடம். போர்க்காலம். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சேரின் சைக்கிள்தான் ஆய்வுகூடம். தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, 6 வோல்ற் டைனமோவில் பல்ப் எரிய வைப்போம். யார் சுற்றுவது என்ற சண்டை உங்களுக்கும் நினைவிருக்கும்.

விஞ்ஞானக் கண்காட்சி அன்று சுற்றைக் கட்டியது நான். கல்வி அதிகாரிகள் வந்து நிற்க, பல்ப் இரண்டு தரம் மினுங்கி அணைந்தது. சேர் வந்து இரண்டு விரலால் வயரை இழுத்தார். கழன்று வந்தது.

“இழுத்துப் பாத்தனியா?”

“இல்லை சேர்.”

“கண்ணுக்கு எல்லாம் பூட்டின மாதிரித்தான் தெரியும். கைக்குத்தான் தெரியும் உண்மை.”

அவ்வளவுதான் சொன்னார். மூன்று நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் நாள் எங்கள் கொட்டிலுக்கு வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு பல்ப் ஹோல்டரும் இரண்டு முழ வயரும் கையில் தந்தார்.

“கட்டிப் பழகிப்போட்டுத் திருப்பிக் கொண்டு வா.”

அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பொருள் என்று வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

1998 இல் ஒரு விடியப்புறம் புறப்பட்டோம். ஒருவருக்கும் சொல்லவில்லை. 2016 இல் ஊருக்குப் போனபோது சேரின் வீட்டு ஒழுங்கையைத் தாண்டித்தான் வான் போனது. நேரமில்லை, அடுத்த முறை இறங்குவோம் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஹோல்டரை மல்லாவிக் கொட்டிலில், கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டபடியே விட்டுவிட்டு வந்தேன்.