பாலிக்பாயன் பெட்டி: நிரப்புவது முதல் வீட்டு வாசல் வரை

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசா கடைத்தொகுதிப் பக்கம் போனால் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஊருக்குப் பணம் அனுப்புவதையும் பெட்டி போடுவதையும் பார்க்கலாம். அந்தப் பெட்டிக்குப் பாலிக்பாயன் பெட்டி என்று பெயர். பாலிக் என்றால் திரும்புதல், பாயன் என்றால் ஊர், நாடு. கூட வேலை பார்ப்பவருக்கோ வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கோ பெட்டி கட்ட உதவுகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருந்தால் பொருள் வீணாகாது.

கடல் வழியாகப் போகும் பெட்டிக்குப் பெரும்பாலும் எடை பார்த்துக் காசு வாங்குவதில்லை. பெட்டியின் அளவும் போய்ச் சேரும் தீவும்தான் கணக்கு. ஜம்போ என்னும் பெரிய பெட்டி, பெட்டி அனுப்பித்தரும் பல முகவர்களிடம் 24 அங்குல நீளம், 18 அகலம், 24 உயரம் இருக்கும். அதாவது 6 கன அடி. காலியாக விட்ட மூலைக்கும் காசு கொடுத்தாயிற்று என்பதால் ஷூவுக்குள் பற்பசை, பற்பசையைச் சுற்றி சாக்ஸ், குவளைக்குள் காப்பித்தூள் பொட்டலம் என்று அடைக்கிறார்கள்.

காலிப் பெட்டியை முன்பணம் வாங்கிக்கொண்டு முகவரே தருவார். தள்ளுபடி பார்த்து வாங்கி நிரப்ப இரண்டு மூன்று மாதம் ஆகும், கப்பலில் இன்னும் சில வாரம் போகும். அதனால் தின்பண்டமும் டின்னும் வாங்கும்போது காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் ஷூவைக் கடைசியாக வாங்குங்கள். பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து போட்டோ அனுப்பச் சொல்லி, ஓர் அளவு பெரிதாக எடுப்பது நல்லது.

அடுக்கும்போது முதலில் பெட்டிக்குள் பெரிய பாலிதீன் பையை விரிக்க வேண்டும். அடிப்பக்க மூட்டுக்கு நீளவாட்டில் ஒரு டேப், இரண்டு ஓரங்களிலும் குறுக்காக ஒவ்வொன்று. டின்கள் அடியில் ஒரே மட்டமாக நிற்கட்டும், மேலே ஓர் அட்டைத் தகடு. ஷாம்பு, லோஷன் புட்டிகளின் மூடியைக் கழற்றி, வாயில் பிளாஸ்டிக் தாளை வைத்து மறுபடி மூடி, மேலே டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். பெட்டி வயிறு தள்ளிக்கொண்டு நிற்கக் கூடாது. பிதுங்கிய பெட்டிமேல் இன்னொரு பெட்டி ஏறினால் முதலில் கிழிவது அந்தப் பக்கம்தான்.

அதிகம் பேர் ஏமாறுவது சோப்பில். சோப்பும் சலவைத்தூளும் சாக்லேட், காப்பி, பால்மாவு பக்கத்தில் இருந்தால், வெயிலில் காயும் கண்டெய்னருக்குள் சில வாரத்தில் வாசனை உறைக்குள்ளேயே ஏறிவிடும். வீட்டில் பிரித்துத் தின்கிற குழந்தைக்குச் சாக்லேட் சோப்பாக இனிக்கும். சோப்பை இரண்டு ஜிப் பைகளில் போட்டு ஒரு மூலையில் தள்ளுங்கள். சாக்லேட்டைப் பெட்டியின் நடுவில், குளியல் துண்டுகளுக்குள் சுற்றி வையுங்கள். உருகி இறுகினால் வெளுத்துப்போகும், அவ்வளவுதான், தின்னலாம்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர் எழுதுவார்கள். 'பாரா காய் நானாய்' என்றால் அம்மாவுக்கு, 'பாரா காய் பூன்சோ' என்றால் கடைக்குட்டிக்கு. இதை விட்டுவிடாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது சித்தப்பா, அத்தை, பக்கத்து வீடு எல்லாரும் இருப்பார்கள். பெயர் இல்லாத பொருளால் மனவருத்தம் வரும்.

பவர் பேங்க், ஸ்பிரே, நகப்பூச்சு, பணம், நகை எதுவும் வேண்டாம். பன்றிகளைத் தாக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிய நாடுகளின் பன்றி இறைச்சிப் பொருட்களுக்கு பிலிப்பைன்ஸ் தடை போட்டிருக்கிறது. அதனால் டின்னில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

2015இல் பிலிப்பைன்ஸ் சுங்கத்துறை பெட்டிகளைத் திறந்து பார்க்கப்போகிறது என்றதும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு அப்போதைய அதிபர் அக்கினோ அதை நிறுத்தி, எக்ஸ்ரேயில் பார்க்கச் சொன்னார். 2016இல் வந்த சுங்கச் சட்டப்படி 1,50,000 பெசோ மதிப்புவரை வரி கிடையாது. இந்தச் சலுகை வருடத்துக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக 1,50,000 என்று எண்ணாமல் வருட மொத்தமாகவே எண்ணிக்கொள்ளுங்கள். பொருள் வியாபார அளவில் இருக்கக் கூடாது, பெறுபவர் உறவினராக இருக்க வேண்டும். பட்டியலில் 'பலசரக்கு' என்று மொத்தமாக எழுதாமல் எது எத்தனை, என்ன விலை என்று எழுதி, பாஸ்போர்ட் நகலையும் புதுப் பொருட்களின் ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள்.

முகவரைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய விஷயம். வெளிநாட்டு முகவர் பணத்தை வாங்கிக்கொண்டு, மணிலாவில் சரக்கை எடுக்க வேண்டிய கூட்டாளிக்குக் கொடுக்காமல் விட்டால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும். இப்படிக் கைவிடப்பட்ட கண்டெய்னர்கள் நிறைய உண்டு. ஊரில் யார் எடுத்து விநியோகிக்கிறார்கள், அவர்களுக்கு பிலிப்பைன்ஸ் வர்த்தகத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். கப்பல் கிளம்பியதும் கண்டெய்னர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாக விலை சொன்னால் அங்கே போடாதீர்கள்.

பிலிப்பைன்ஸில் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். துறைமுகமும் அப்போதிருந்தே நெரியும். தெற்கே இருக்கும் மிண்டனாவோ தீவுக்குப் பெரும்பாலும் மணிலாவில் இறங்கி இன்னொரு கப்பல் ஏற வேண்டும். ஆகவே அங்கே அனுப்புவது செப்டம்பரிலும், மணிலா இருக்கும் லூசோன் தீவுக்கு அக்டோபர் பாதிக்குள்ளும் கிளம்பினால் நிம்மதி.

மூடுவதற்கு முன் அடுக்கடுக்காகப் போட்டோ எடுங்கள். டேப் மூட்டின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டால், யாராவது பிரித்து ஒட்டியிருந்தால் தெரிந்துவிடும். ஆறு பக்கமும் பெயர், பாரங்காய் (ஊரின் வட்டாரப் பிரிவு), பக்கத்துத் தேவாலயமோ பள்ளியோ, இரண்டு போன் எண்கள். வீட்டிலிருப்பவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: பெட்டி வந்ததும் அந்தக் கையெழுத்தைப் பார்த்து, கிழிசல் இருந்தால் கொண்டுவந்தவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, அதை ரசீதில் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.