இரவு குடித்தது, காலையில் பிடிபட்டது

2022-ஆம் ஆண்டு ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் மன்னார்குடியில் எங்கள் சித்தப்பா மகனுக்குத் திருமணம். முதல் நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் மண்டபத்து மாடியில் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் கூடி உட்கார்ந்தோம். நான் எழுந்து போய்ப் படுத்தபோது மணி ஒன்று இருக்கும். மறுநாள் எட்டு மணிக்கு வயலுக்கு அறுவடை இயந்திரம் வருவதாக இருந்ததால், அதைப் பார்த்துவிட்டு முகூர்த்தத்துக்குத் திரும்பிவிடலாம் என்று ஐந்தரைக்கே எழுந்து குளித்து, மண்டபத்தில் கொடுத்த காப்பியை இரண்டு முறை வாங்கிக் குடித்து, மோட்டார் சைக்கிளில் கொரடாச்சேரிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குக் கிளம்பினேன். தலை தெளிவாக இருந்தது, கால் தடுமாறவில்லை. குடித்திருக்கிறோம் என்ற நினைப்பே அப்போது என்னிடம் இல்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் போகும்வரை நிற்பது அந்த வழியாகப் போகிறவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. கேட் திறந்து வண்டிகள் நகர்ந்து சிறிது தூரம் போனதும் சாலையோரத்தில் வாகனத் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. ஹெல்மெட், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தும், நான் பதில் சொன்னபோது வந்த வாடையோ என்னவோ, உதவி ஆய்வாளர் ஒரு புதிய குழாயை, மூச்சை வைத்து ஆல்கஹாலை அளக்கும் கருவியில் மாட்டி "ஊதுங்க" என்றார். விடிந்த பிறகு ஊதச் சொல்கிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் ஊதினேன். கருவியிலிருந்து பஸ் டிக்கெட் போல ஒரு சிறிய காகிதம் வெளியே வந்தது. அதில் 62 என்று இருந்தது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆம் பிரிவு சொல்லும் வரம்பு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதற்கு மேல் இருந்தால் குற்றம். எப்போது குடித்தார், நிதானமாக ஓட்டினாரா, வண்டி நேராகப் போனதா என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணுக்கு முன்னால் வேலையே இல்லை. நம் உடம்பு ஆல்கஹாலைக் கரைப்பது மிக மெதுவாக, சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு, இதே 100 மில்லி கணக்கில், 15 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஒரு மணிக்கு 140 அல்லது 150-இல் படுத்தவனுக்கு ஆறரை மணிக்கும் 60-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பது கூட்டிக் கழித்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் கணக்கு. காப்பி தூக்கத்தைக் கலைக்கும், குளியல் முகத்தைத் தெளிவாக்கும், மோர் வயிற்றைக் குளிர்விக்கும். இரத்தத்தில் இருப்பதை இவற்றில் ஒன்றும் குறைக்காது. காப்பி கும்பகோணம் டிகிரி காப்பியாகவே இருந்தாலும் அவ்வளவுதான்.

இது சாலையிலேயே பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகும் குற்றம் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சீருடையில் இருக்கும் காவலர் இந்தக் குற்றத்துக்குப் பிடியாணை இல்லாமலே கைது செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். என்னைக் கைது செய்யவில்லை. காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியை எடுத்துப் போகக் குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவரை வரச் சொல்லும்படி கூறினார்கள். முகூர்த்த வேளையில் கல்யாண வீட்டில் அப்படி ஓர் ஆளைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. கடைசியில் என் மைத்துனன் பட்டு வேட்டியோடு வந்து சேர்ந்தான். "அத்தான், அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்பதைத் தவிர வழிநெடுக அவன் எதுவும் பேசவில்லை.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் ஒப்புகைச் சீட்டுக் கொடுத்தார்கள். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலரும் தவறாக நினைத்திருப்பது இதில்தான். வேறு காரணங்களுக்காக லைசென்ஸைப் பிடித்தால் கொடுக்கும் சீட்டைக் காட்டிக் குறிப்பிட்ட தேதிவரை வண்டி ஓட்டலாம். ஆனால் 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குடித்துவிட்டு ஓட்டியது போன்ற வழக்குகளில் லைசென்ஸைப் பறிமுதல் செய்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டு, வண்டி ஓட்ட அனுமதி ஆகாது என்று 206-ஆம் பிரிவே தெளிவாகச் சொல்கிறது. அது தெரியாமல், சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நானும் ஓட்டினேன். அந்த நாட்களில் ஏதாவது நேர்ந்திருந்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றமும் சேர்ந்திருக்கும், இன்சூரன்ஸும் கைவிட்டிருக்கும்.

வீட்டில் பெரியப்பா, யாரையாவது பிடித்துப் பேசிப் பார்க்கலாம் என்றார். ஒன்றியத்தில் இன்னார் இருக்கிறார், கட்சியில் இன்னார் இருக்கிறார் என்று இரண்டு நாள் திண்ணையில் இதே பேச்சு. அவர் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார் என்றாலும், அச்சாகி வந்த காகிதத்தில் என் கையெழுத்து இருக்கும்போது யாரிடம் போய் எதைப் பேசுவது என்று எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

திருவாரூரில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார். வழக்கை எதிர்த்து நடத்துவதாக இருந்தால் கருவி முறையாகச் சரிபார்க்கப்பட்டதா, சான்று இருக்கிறதா, அச்சில் உள்ள நேரமும் வழக்கில் எழுதிய நேரமும் ஒத்துப்போகின்றனவா என்றெல்லாம் கேட்கலாம். வெறும் வாடையையும் நடையையும் வைத்து மட்டும் ஒருவர் குடித்திருந்தார் என்று தீர்மானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் எண்ணே இருக்கிறது என்று விளக்கிவிட்டு, "குடிச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டார். குடித்தேன் என்றேன். "அப்ப ஒத்துக்கிட்டு முடிச்சிடுங்க. வாய்தா வாங்கி இழுத்துக்கிட்டே போனா அறுப்பு போயிடும்." முதல் முறைக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை மாட்டினால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது 15,000 அல்லது இரண்டும். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான், அடுத்த முறைக்கு அது கணக்கில் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நீதிமன்றத்தில் அன்று என்னைப் போல ஏழெட்டுப் பேர். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், சிங்கப்பூர் போவதற்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுத்திருப்பதாகவும், வழக்கு நிலுவையில் இருந்தால் அது நின்றுவிடும் என்பதால் இன்றே முடிந்துவிட வேண்டும் என்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். டவாலி என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டபோது எனக்கு உறைத்ததுபோல அந்த 62 என்ற எண்கூட உறைக்கவில்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் பெயரை ஒரு பொது இடத்தில் அவ்வளவு சத்தமாக அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கூண்டில் ஏறியதும் மரியாதையாக விளக்கம் சொல்லலாம் என்று, "ஐயா, முதல் நாள் ராத்திரி கல்யாணத்துல..." என்று தொடங்கினேன். நடுவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "காலையில ஒடம்புல இருந்துச்சா, இல்லையா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்றார். குறுவை நெல் விற்ற பணத்தில் எடுத்துவைத்திருந்த இருபது ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மஞ்சப்பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்து, ரசீதை வாங்கி அதே பையில் வைத்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

பணத்தைக் கட்டியதோடு தீர்ந்தது என்று நினைத்ததுதான் நான் செய்த அடுத்த பிழை. நீதிமன்றம் வேறு, போக்குவரத்து அலுவலகம் வேறு. சில வாரங்களில் அங்கிருந்து, லைசென்ஸை ஏன் தற்காலிகமாக நிறுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்த வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எனக்கும் மூன்று மாதம் என்று ஆணை வந்தது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். செய்யவில்லை.

மோட்டார் சைக்கிள்தானே, பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் டிராக்டர் இருக்கிறது, அதை ஓட்டுவதும் நான்தான். லைசென்ஸ் என்பது ஒரே அட்டை. அதை நிறுத்தினால் இரு சக்கரமும் டிராக்டரும் சேர்ந்தே நிற்கும். அந்த ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திராமல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டதால் குறுவை முந்தி முடிந்து, அடுத்த போகமான தாளடிக்குச் சேறு அடிக்க ஊரே அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. வயலுக்குள் ஓட்டுவதைச் சாலையில் நிற்கிறவர்கள் கேட்கப் போவதில்லை என்று சிலர் சொன்னார்கள். வயலுக்குள் போவதற்கும் சாலையைத்தானே கடக்க வேண்டும்? சேற்றில் ஓட்ட டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலை டிரெய்லரில் ஏற்றி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் எங்கள் வயல்.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை நாளுக்கு 800 ரூபாய்க்கும் சாப்பாட்டுக்கும் பேசி வைத்தேன். அவன் ஓட்ட, நான் வரப்பில் நின்று மடை திறந்துவிட்டு, மேடு பள்ளம் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வயல் போக வாடகைக்கும் ஓட்டியதால் ஐம்பது நாளுக்கு மேல் அவனுக்கு வேலை இருந்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் அவன் கூலியாகப் போனதை வீட்டுக் கணக்கு நோட்டில் என் மனைவி தனிப் பக்கத்தில் எழுதி, மேலே "கல்யாணச் செலவு" என்று தலைப்பும் போட்டிருந்தார்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. சேறு அடிக்க இன்றும் அந்தப் பையனையே கூப்பிடுகிறேன். என்னைவிட அவன் வயலைச் சமமாக அடிக்கிறான்.