இருபது மார்க் கணக்கு

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 வந்துவிட்டால் பிள்ளை பாஸ். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கும் எனக்கு, ஒவ்வொரு வருடமும் பொங்கல் தாண்டினால் தூக்கத்திலும் ஓடுவது இந்த இருபதுதான்.

வினாத்தாளில் ஒரு மார்க் கேள்வி பன்னிரண்டு. இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு எழுத வேண்டும். நாலு மார்க்கில் ஏழு, ஏழு மார்க்கில் மூன்று. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு நாங்கள் போடும் கணக்கு வேறு: பன்னிரண்டு ஒரு மார்க்கும் நாலு இரண்டு மார்க்கும் சரியாக வந்தால் இருபது ஆயிற்று. புத்தகத்தில் 23 பாடம். அதில் எட்டோ ஒன்பதோ பொறுக்கி எடுப்போம். மின்னோட்டக் கணக்கு வேண்டாம், ஒளியியலில் கதிர்ப்படம் வேண்டாம். முயலின் பல் சூத்திரம் கட்டாயம். 2033/1023, மேல்தாடையிலும் கீழ்தாடையிலும் எந்த வகைப் பல் எத்தனை என்ற கணக்கு. அதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி ஒரு மாதம் அழிக்காமல் விட்டுவைப்பேன். பார்த்துப் பார்த்தே மனப்பாடம் ஆகிவிடும்.

செய்முறைத் தேர்வில் எங்கள் பக்கம் யாரும் தோற்பதில்லை, தோற்க விடுவதில்லை. ரெக்கார்டு நோட்டில் குவிலென்ஸ் படத்தைப் பலகையைப் பார்த்து எழுதி, குவியத்தூரத்தையும் பலகையைப் பார்த்தே எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு லென்ஸை ஜன்னல் பக்கம் பிடித்து, வெளியே நிற்கும் புளியமரம் வெள்ளைத்தாளில் தலைகீழாக விழுவதைக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைப் பல வருடம் நான் கொடுத்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்பு எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பி.எட். இரண்டாம் ஆண்டு, பாலக்கோடு பக்கம் ஊர், வேதியியல் படித்தவள். "மேடம், கரைசல்கள் பாடத்த நான் எடுக்கட்டுமா? எங்க ஊர்த் தண்ணியக் கொண்டு வர்றேன்" என்று கேட்டாள். சரிம்மா என்றேன். மறுநாள் இரண்டு பாட்டிலோடு வந்தாள். ஒன்றில் அவள் ஊர் போர் தண்ணீர், இன்னொன்றில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கும் அக்காவிடம் கெஞ்சி சோதனைப் பெட்டியையும் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

இரண்டு சோதனைக் குழாயிலும் தண்ணீர் ஊற்றி, ஃபுளூரைடுக்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. போர் தண்ணீர் மெல்ல வெளுத்து மஞ்சளுக்குப் போனது. பெட்டியில் இருந்த நிற அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஒப்பிடச் சொன்னாள். கடைசி பெஞ்சு பையன்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்கிற பிள்ளை. அன்றும் மூடிக்கொண்டேதான் கேட்டாள்: "மிஸ், அப்ப என் பல்லுல இருக்கிற கறை, நான் ஒழுங்கா பல்லு வெளக்காததால இல்லையா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த வகுப்பில் அந்தக் கறை அவளுக்கு மட்டுமா இருந்தது?

பயிற்சி ஆசிரியை பதில் சொல்ல ஆரம்பித்தாள். இந்த மாவட்டத்துப் பாறையில் ஃபுளூரைடு இருக்கிறது, ஆழமாகப் போர் போடப் போட அது தண்ணீரில் கரைந்து வருகிறது, பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமலில் கறை விழும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அது உன் தப்பில்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான் என்பதற்கு அவள் வரும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்லிப் டெஸ்ட் என்கிற சின்னத் தேர்வு இருந்தது. மார்க்கை அன்று சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். "போதும்மா, மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பலகையை அழித்தாள். நான் கேள்விகளை எழுதினேன். ஐந்தாவது கேள்வி, முயலின் பல் சூத்திரம் எழுதுக. எல்லோரும் சரியாக எழுதினார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்ட பிள்ளையும் எழுதினாள். மறுநாள் வேறு வேலை வந்தது. அந்த 'மீதி' வரவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால் தேர்ச்சி பற்றிய ஓர் ஆய்வுக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. தேர்ச்சி குறைந்த ஒரு வருடம், பாடவாரியாக ஆசிரியர் பெயரை வாசித்து எழுப்பி நிற்க வைத்தார்கள். என் பாடத்தில் மூன்று பேர் பெயிலாகியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டு, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புதான் திரும்பியவர்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "காரணம் சொல்லாதீங்க, எழுத்துல விளக்கம் குடுங்க" என்றார்கள். கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு பாடவேளையையும் இருபது மார்க் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன். 2017இல் மாநில அளவில் மாணவர்களுக்கு ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது மனதார மகிழ்ந்தேன். பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பள்ளியின் சதவீதம் மட்டும் ஆசிரியர் தலையிலேயே இருந்தது.

இந்தக் கெடுபிடியால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடைசி பெஞ்சு பிள்ளை வராவிட்டால் கேட்க ஆள் கிடையாது. தேர்ச்சி விழுக்காடு வந்த பிறகு ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் பொறுப்பானோம். அரையாண்டு முடிந்து வராமல் போன ஒரு பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போனபோது, தாய்மாமனுக்குக் கட்டிவைக்க நாள் பார்த்திருந்தார்கள். நானும் தமிழாசிரியையும் இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேசி அழைத்து வந்தோம். பாஸ் செய்தாள். இன்று ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சதவீதக் கவலை இல்லாவிட்டால் அந்த வாசலை நான் மிதித்திருப்பேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு பாஸ் என்பது எங்கள் பக்கம் ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது தெரிந்ததால்தான் அந்த இருபதை என்னால் கைவிட முடியவில்லை.

என்னை உறுத்துவது பயிற்சிக்கு வருகிறவர்கள் விஷயம். நான் படித்தபோது பி.எட். ஒரே வருடம், கற்பித்தல் பயிற்சி நாற்பது நாள். 2015 முதல் அது இரண்டு வருடம் ஆனது. இரண்டாம் ஆண்டில் மட்டும் பதினாறு வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். பள்ளியைக் கிட்டத்தில் இருந்து பார்த்துக் கற்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம் அது. அந்தப் பதினாறு வாரத்தில் நாங்கள் அவர்களுக்குக் கொடுப்பது என்ன? ஆசிரியர் வராத வகுப்பு, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, மெல்லக் கற்போரை மரத்தடியில் உட்கார வைத்து ஒரு மார்க் ஒப்பிக்க வைப்பது. கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வரும் நாளில் சார்ட் தொங்கும், பாடத்திட்ட நோட்டு மேசைக்கு வரும். அவர் போனதும் சார்ட்டைச் சுருட்டி பீரோ மேல் வைப்போம். எது உண்மையான வேலை என்று பயிற்சி ஆசிரியைக்கு அங்கேயே புரிந்துவிடும்.

பணியில் இருக்கிறவர்களுக்கான பயிற்சியையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன். மாநிலத்தில் பத்து நாள் நடந்தது மாவட்டத்துக்கு வரும்போது ஐந்து நாளாகி, வட்டாரத்தில் ஒன்றிரண்டு நாளில் ஸ்லைடாக ஓடும். பயிற்சி கொடுக்கும் கருத்தாளரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர்தான். அவர் வகுப்பும் அன்று ஆளில்லாமல் கிடக்கும். இப்போது 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற நாங்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். 150 கேள்வி, நாலு விடையில் ஒன்று. இரவில் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன், படிப்பதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை எழுந்து நின்றபோது கடிகாரத்தைப் பார்த்த ஆசிரியையை அந்த 150 கேள்வியில் எது பிடிக்கும்?

போன டிசம்பரில், பயிற்சிக்கு வந்திருந்த அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. அஞ்செட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறாளாம், பத்தாம் வகுப்பு அறிவியல். குரலில் சந்தோஷம். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், நீங்க வெச்சிருப்பீங்களே அந்த ஒரு மார்க் நோட்டு, அத போட்டோ எடுத்து அனுப்புறீங்களா? இங்க எச்.எம். சார் நூறு சதவீதம்னு சொல்லிட்டாரு."

என்னால் உடனே பேச முடியவில்லை. பதினாறு வாரத்தில் என்னிடமிருந்து அவள் எடுத்துப் போனது அந்த நோட்டு. அனுப்புகிறேன் என்றேன், அன்றிரவே அனுப்பவும் செய்தேன், அந்தப் பிள்ளைகளும் பாஸ் ஆக வேண்டுமே. போனை வைக்கும் முன் கேட்டேன்.

"அங்க குடிக்க என்ன தண்ணிம்மா?"

"போர் தண்ணிதான் மேடம்."

"பிள்ளைங்க பல்லப் பாத்தியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பாத்தேன் மேடம்" என்றாள். பிறகு அவளே, "ஊராட்சியில அந்தப் பெட்டி இருக்கான்னு நாளைக்குக் கேக்கறேன்" என்றாள்.