வயலினும் கூஜாவும்: கியூபிசத்தைக் கையால் பழகிய எட்டு வாரங்கள்

ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து பார்த்து ஒரே படத்தில் காட்டும் கியூபிசம் என்னும் இயக்கம் இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் போக்கையே மாற்றியது என்று பல இடங்களில் படித்திருந்தேன். ஆனால் அது எதை, எப்படி மாற்றியது என்பது எனக்குப் பிடிபடாமலே இருந்தது. பத்து ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் கண்ணுக்குத் தெரிவதைத் தெரிகிறபடியே வரைந்து பழகியவன் நான். ஆகவே, ஒரே பொருள்களை முன்னால் வைத்துக்கொண்டு, 1908 முதல் 1914 வரை அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஓவியர்கள் ஜார்ஜ் பிராக்கும் பாப்லோ பிக்காசோவும் கடந்த வழியைப் படிப்படியாக நானும் கடந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். மகள் வாசிக்கும் வயலின், ஒரு பித்தளைக் கூஜா, மடித்த செய்தித்தாள் ஆகிய மூன்றும் எட்டு வாரங்கள் மேசைமேல் இருந்தன. வயலின் மட்டும் மாலையில் பயிற்சிக்குப் போய்விட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும்.

முதல் இரண்டு வாரங்களை, அவர்களுக்கு முன்னோடியான பிரெஞ்சு ஓவியர் செசானுக்கு ஒதுக்கினேன். அவர் 1906-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் மொத்தமாக வைக்கப்பட்டபோது இளம் ஓவியர்கள் பலரின் பார்வை திசை திரும்பியது. செசானின் மேசைக் காட்சிகளில் ஜாடியின் வாய் மேலிருந்து பார்த்ததுபோலவும் அடிப்பாகம் நேரிலிருந்து பார்த்ததுபோலவும் இருக்கும். அதையே செய்தேன்: நின்றபடி கூஜாவின் வாயையும், உட்கார்ந்தபடி அதன் வயிற்றையும் அடியையும் வரைந்தேன். இரண்டையும் ஒரே தாளில் இணைத்தபோது, ஒற்றைக் கண்ணால் ஓரிடத்தில் நின்று பார்ப்பதாகப் பாவித்துக்கொள்ளும் ஐந்நூறு ஆண்டுக்கால வழக்கத்தை விட்டு வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பது புரிந்தது. கை தானாகவே அந்த வாய் வட்டத்தை நசுக்கித் 'திருத்த' முயன்றுகொண்டே இருந்தது. பிராக் 1908-இல் தென் பிரான்சின் லெஸ்டாக் என்னும் ஊரில் வரைந்த வீடுகளும் இந்தப் பாடத்திலிருந்து வந்தவைதான். அவற்றைக் கண்டு விமர்சகர் லூயி வோசெல் 'கனசதுரங்கள்' (பிரெஞ்சில் 'கியூப்') என்று எழுதியதிலிருந்தே இயக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

மூன்றாம் வாரம் முழுவதும் வீணானது. வயலினை அளவுகோல் வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் பூசினேன். கிடைத்தது உடைந்த கண்ணாடியை ஒட்டியதுபோன்ற ஒரு படம். கியூபிசம் என்றால் பொருளை உடைப்பது என்று நான் எண்ணியிருந்ததே பிழைக்குக் காரணம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் உள்ள பிராக்கின் 'வயலினும் கூஜாவும்' (1910) ஓவியத்தின் பெரிய பிரதி ஒன்றை எடுத்து ஓரங்குலம் ஓரங்குலமாகப் பார்த்தேன். அதில் எந்தத் தளமும் (படத்தை ஆக்கும் தட்டையான துண்டுகளில் எதுவும்) நான்கு பக்கமும் மூடப்படவில்லை. ஒரு விளிம்பு அழுத்தமான கருங்கோடாக நிற்கும். எதிர் விளிம்பு மெல்ல வெளிறிப் பக்கத்துத் தளத்துக்குள் கரைந்துவிடும். வயலினின் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தோடுகின்றன. இந்த வழிந்தோடலைப் பிரெஞ்சில் 'பசாஜ்' என்கிறார்கள். இதுவும் செசானிடமிருந்து கற்றதுதான். பொருளுக்கும் அதைச் சூழ்ந்த வெளிக்கும் ஒரே எடை கிடைக்கிறது என்பதுதான் இதில் உள்ள பெரிய மாற்றம் என்று எனக்குப் படுகிறது.

நான்காம் வாரம் புதிய கேன்வாஸில் மஞ்சள் ஓக்கர், சுட்ட அம்பர், கறுப்பு, வெள்ளை என்னும் நான்கு வண்ணங்களை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினேன். அவர்கள் ஏன் அந்த ஆண்டுகளில் நிறத்தை இவ்வளவு ஒடுக்கினார்கள் என்பதற்கு வேலையிலேயே விடை இருந்தது. கூஜாவுக்குப் பளிச்சென்ற பொன்னிறத்தை ஒருமுறை தொட்டு வைத்தேன்; உடனே அது சுவரிலிருந்து பிரிந்து தனிப்பொருளாக முன்னே வந்து நின்றுவிட்டது. துடைத்துப் பழுப்பாக்கிய பிறகுதான் தளங்கள் மறுபடியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. அக்ரிலிக் விரைவாக உலர்ந்துவிடுவதால் விளிம்பைக் கரைப்பது சிரமமாக இருந்தது. உலர்வைத் தாமதப்படுத்தும் மீடியத்தைக் கலந்த பின்பே ஒரு தளத்தைப் பக்கத்துத் தளத்துக்குள் இழுக்க முடிந்தது.

அந்தப் பாசல் ஓவியத்தின் உச்சியில், பழைய முறைப்படி நிழலோடு தத்ரூபமாகத் தீட்டிய ஓர் ஆணி இருக்கிறது. நொறுங்கிய உலகத்தின் மேல் ஒரு மெய்யான ஆணி! ஓவியம் காட்டும் உலகத்தையும், ஓவியம் என்கிற பொருளையும் பிராக் அருகருகே வைத்துவிட்டார். 1911-இல் எழுத்து வடிவம் வெட்டிய தகடுகளை (ஸ்டென்சில்) வைத்து எழுத்துகளைப் பதித்தபோது, நாம் பார்ப்பது ஓவியம் காட்டும் உலகமா, வெறும் பரப்பா என்கிற அதே கேள்வியை இன்னும் வெளிப்படையாகக் கேட்டார். ஏனெனில் எழுத்துக்கு ஆழம் கிடையாது; அது பரப்பின் மேல்தான் இருக்க முடியும்.

பிராக், வீடுகளுக்கு வண்ணமடித்து அலங்கரிக்கும் தொழிலில் பயின்றவர். ஈரமான பழுப்பு வண்ணத்தின் மேல் சீப்பை இழுத்து மரத்தின் ரேகைகளை வரவழைக்கும் அந்தத் தொழில் நுட்பத்தை அவரே பிக்காசோவுக்கும் காட்டிக்கொடுத்தார். நானும் ஒரு பிளாஸ்டிக் சீப்பை எடுத்தேன். நேராக இழுத்தால் வெறும் கோடுதான் வரும். கையை லேசாக நடுங்கவிட்டு, இடையில் ஒரு நொடி நிறுத்திப் பின் இழுக்கும்போதுதான் கணு போன்ற சுழி விழுகிறது. ஏழாவது முயற்சியில் வயலினின் மேற்பலகை உண்மையான மரமாக எழுந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆறாம் வாரம் ஒட்டுவேலைக்கு வந்தேன். 1912 மே மாதம் பிக்காசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டமாகக் கயிற்றைச் சுற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் பிராக், அவிஞோன் நகரக் கடையொன்றில் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளைக் கண்டு, வாங்கி வந்து வெட்டி ஒட்டி, அதன் மேல் கரிக்கோலால் பழத்தட்டையும் கண்ணாடிக் குவளையையும் வரைந்தார். நான் ஒரு பழுப்புத்தாளை வயலின் நிறத்துக்காக வெட்டி, வயலினின் கோடுகளை வேண்டுமென்றே அதற்கு வெளியே தள்ளி வரைந்தேன். நிறம் ஓரிடத்தில், வடிவம் இன்னோர் இடத்தில்; ஆயினும் பார்ப்பவர் கண் இரண்டையும் சேர்த்து வயலின் என்றே படிக்கிறது. நான்காம் வாரத்தில் தடையாக நின்ற நிறம், பொருளின் எல்லைக்குக் கட்டுப்படாமல் திரும்பி வர இங்கேதான் வழி பிறந்தது. (பசையை நீர்க்கக் கலந்து மெல்லியதாகத் தடவி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தாள் சுருங்குவதில்லை. செய்தித்தாள் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும்; பிக்காசோ ஒட்டிய தாள்களும் அப்படிப் பழுப்பேறியவையே.)

இந்த இடத்தில் சற்று நின்று, இவ்வழி வேறெங்கே போனது என்று பார்த்தேன். டச்சு ஓவியர் பியட் மொந்திரியான் ஓர் இஞ்சி ஜாடியை இருமுறை வரைந்தார். 1911-இல் வரைந்ததில் மேசைப் பொருள்களை அடையாளம் காணலாம். 1912-இல் வரைந்ததில் ஜாடியைச் சுற்றியுள்ள யாவும் கோடுகளாகவும் தளங்களாகவும் கலைந்துவிட்டன. அவர் பின்னாளில் வரைந்த செங்குத்துக் கோடுகளும் கிடைக்கோடுகளும் அந்த மேசையிலிருந்து கிளம்பியவை. பிராக்கும் பிக்காசோவும் கடைசிவரை பொருளைக் கைவிடவில்லை. முற்றிலும் அருவமாகிவிடும் எல்லைவரை சென்று, ஓர் எழுத்தையோ ஆணியையோ பற்றிக்கொண்டு திரும்பினார்கள். மொந்திரியான் அந்த எல்லையைத் தாண்டிச் சென்றார்.

கடைசி இரண்டு வாரங்கள் அட்டை வேலை. 1912-இல் பிக்காசோ அட்டையையும் நூலையும் கொண்டு ஒரு கிட்டாரைச் செய்தார். 1914-இல் அதையே தகரத்தில் செய்தார். செதுக்கியோ வார்த்தோ செய்வதே சிற்பம் என்றிருந்த இடத்தில் வெட்டி, மடித்து, இணைத்துச் செய்வதும் சிற்பமானது. 1914-இல் பாரிசில் பிக்காசோவின் பட்டறைக்குச் சென்று வந்த ருஷ்யக் கலைஞர் விளாதிமிர் தாத்லின், ருஷ்யா திரும்பியதும் தகடு, மரம், கம்பி ஆகியவற்றால் புடைப்புருவங்களை அமைக்கத் தொடங்கினார்.

பிக்காசோவின் கிட்டாரில், பள்ளமாக இருக்கவேண்டிய ஒலித்துளை ஒரு குழாயாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவரிடமிருந்த மேற்கு ஆப்பிரிக்க கிரேபோ முகமூடியில் கண்கள் அப்படித்தான் உருளைகளாகத் துருத்தி நிற்கின்றன. அதிலிருந்தே இந்த எண்ணம் வந்தது என்று அவருடைய ஓவிய வணிகர் கான்வைலர் கூறியிருக்கிறார். என் வயலினின் இரண்டு வளைந்த துளைகளையும் நான் முதலில் வெட்டி எடுத்தேன். அது பொம்மைபோல் இருந்தது. வெட்டிய துண்டுகளைத் தூக்கிப்போடாமல், துளைகளை மூடி, அதே துண்டுகளை நிமிர்த்தி முன்பக்கம் ஒட்டினேன். இப்போது அது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. மாலை ஐந்து மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது, துருத்தி நிற்கும் அந்த இரண்டு துண்டுகளின் நிழல் அட்டைமேல் படிந்து, துளைகள் இருந்த அதே இடம் கறுத்துவிடுகிறது.